பத்துக்கு எத்தனை

ஜூலை 2, புதன்

பல்லுக்குக் கிளிப் போட்டாயிற்று. ராமநாதபுரத்தில் பஸ் ஏறி அக்காள்மடத்தில் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நாக்கு எங்கே போனாலும் கம்பி. யாரோ எல்லாப் பல்லையும் சேர்த்துப் பிடித்து இறுக்கிக்கொண்டே இருப்பதுபோல ஒரு கனம்.

இறங்கியதும் பக்கத்து வீட்டு ராக்கு அக்கா கண்ணில் பட்டேன். "கல்யாணம் முடிஞ்சு மூணு வருசமாச்சு, புருசன் மஸ்கட்ல கெடக்கான். இப்ப யாருக்குக் காட்டடி பல்லக் கட்டிட்டு வர்ற?" சிரித்துக்கொண்டேதான் கேட்டது. நானும் சிரித்துவைத்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்போதுகூட இந்தக் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. அதற்காகத்தான் என் சம்பளத்தில் போட்டேன். இதைப் போய் ராக்கு அக்காவிடம் எப்படி விளக்குவது?

அத்தைக்குப் பிடிக்கவில்லை. முகமே சொல்லிவிட்டது. மாமா என்ன நினைக்கிறார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். விசைப்படகு ஓட்டி, வயசாகிக் கரையோடு நின்றுவிட்ட மனுசர். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம்தான் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றாலும். இங்கே மாமனாரும் மருமகளும் அப்படித்தான். நானும் பழகிவிட்டேன்.

ஒன்று முடிவு. வலிக்கிறது என்று இந்த வீட்டில் மூச்சுவிடக் கூடாது. சொன்னால் கழட்டு என்பார்கள்.

ஜூலை 3, வியாழன்

இட்லியைக் கடிக்க முடியவில்லை. இட்லியை!

சாயங்காலம் ஒரு கூத்து. மாமாவின் போன் அடித்தது. "ஆமா... ஆமா, மருமகதான்..." என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து அத்தையிடம், "பல்லாஸ்பத்திரில இருந்து பேசுறாக. வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்குறாக. அந்தப் புள்ளட்ட கேளு" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பி, "பத்துக்கு எத்தனைங்குறாக."

"மூணு" என்றேன். உண்மையில் எட்டு.

எல்லாம் என் தப்பு. கேஸ், ரேஷன், கரண்டு என்று இந்த வீட்டில் எதற்கும் மாமா நம்பர்தான். கிளினிக்கில் கேட்டபோது வாய் பழக்கத்தில் அதையே ஒப்பித்துவிட்டது. மானமே போச்சு.

ஜூலை 4, வெள்ளி

மறுபடியும் போன். மறுபடியும் மூணு என்றேன். மாமா அத்தையிடம் சொல்வது அடுப்படிக்குக் கேட்டது: "கஞ்சியவே பாதில வச்சுட்டு எந்திரிக்குது. அது மூணா?"

கவனிக்கிறாரா? ஐயோ, அது வேறயா.

ஜூலை 5, சனி

கம்பியின் கடைசி நுனி கன்னத்தைக் குத்திக் கிழித்துவிட்டது. உப்புக் கரிக்கிறது, ரத்தம்தான். வகுப்பில் ஒரு வாண்டு "மிஸ் வாயில முள்ளு" என்று கத்த, எல்லாம் எட்டிப் பார்க்க வந்துவிட்டன. வாயைத் திறந்து காட்டினேன். அதுகளுக்கென்ன, ஒரே குஷி.

இன்று போன் வந்தபோது, குத்துகிறது என்று மட்டும் சொன்னேன். அத்தை வழியாகப் பதில் வந்தது: பையில் ஒரு டப்பாவில் மெழுகு கொடுத்திருக்கிறார்களாம், உருட்டிக் கம்பி நுனியில் ஒட்ட வேண்டுமாம். மெழுகு! வாங்கிவந்ததையே மறந்துபோன மடச்சி நான். ஒட்டினேன். அப்பாடா, அரை டம்ளர் பால் இறங்கியது.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. நான் குளிக்கும்போது போன் வந்ததாம். நல்ல ஆஸ்பத்திரிதான். "அஞ்சு" என்றேன். பாதி உண்மை.

ஜூலை 9, புதன்

பல் ஆடுகிறது.

முன்பல், இடது பக்கம். நாக்கால் தள்ளினால் அசையுது. இல்லை, பிரமை. இல்லை, அசையுது! கண்ணாடி முன்னால் நின்று ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆட்டி ஆட்டியே விழுந்துட்டா? இருந்த பல்லும் போச்சுன்னா ஊரு முன்னாடி எப்படி நிக்கிறது? ராக்கு அக்கா ஒண்ணு போதுமே.

மஸ்கட்டுக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். "முடியலைன்னா கழட்டிரு ஜெயா. இப்ப இத யாரு கேட்டா?" ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "யாரு கேட்டா" நெஞ்சிலேயே நிற்கிறது. நான் கேட்டேனே. நான் ஆளில்லையா?

அத்தை காதில் விழுந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம போயி கழட்டிப் போட்டுட்டு வருவோம்."

சரி என்றுவிட்டேன். தையல் கிளாசை விட்டேன், ஸ்கூட்டி பழகுவதை விட்டேன். இதையும் விடுகிறேன். பழகின வேலைதானே.

ஜூலை 10, வியாழன்

அத்தையின் தங்கச்சி வழுக்கி விழுந்துவிட்டதென்று அத்தை மண்டபம் போய்விட்டது. வீட்டில் மாமாவும் நானும்தான்.

சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மாமா வந்தார். ஒருமுறை செருமினார். தென்னை மரத்தைப் பார்த்தபடி, "ஆத்தா... ஆஸ்பத்திரில கேக்குறாக. எத்தனை?"

என்னைத்தான் கேட்டார். நடுவில் ஆளில்லாமல்.

மூணு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எட்டு மாமா" என்று வந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "பல்லு ஆடுது மாமா. விழுந்துரும்போல இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு." குடம் நிரம்பி வழிகிறது, நான் தேம்பிக்கொண்டு நிற்கிறேன். அசிங்கம்.

மாமா போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். திட்டவும் இல்லை. அதுவே பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து அதே தென்னை மரத்திடம் சொன்னார்: "ஆடத்தான் செய்யுமாம். ஆடுனாத்தான் நகருமாம், நகந்தாத்தான் வரிசைக்கு வருமாம். விழுகாது. ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

குடத்தை எடுக்கக் குனிந்தேன். "கழட்டணும்னா நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா பயத்துல கழட்டாத ஆத்தா" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

போகவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தீர்த்தமாடித் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டமெல்லாம் ரோட்டில்தான். பஸ் நகரவே இல்லை. பாதி வழியில் இறங்கி நடந்தே வந்தேன்.

வலி குறைந்துவிட்டது. சோறு குழைவாக இருந்தால் சாப்பிட முடிகிறது, மீன்கூட முள் எடுத்துப் போட்டால் ஆகிறது. இப்போது அத்தை இருக்கும்போதே மாமா நேராகக் கேட்டுவிடுகிறார். "என்னமோ டாக்டரே வீட்டுக்கு வந்துட்டாரு" என்று அத்தை முகத்தை வெட்டுகிறது. ஆனால் எனக்கென்று தனியாகக் குழம்பில் காரம் குறைத்து எடுத்து வைத்ததும் அத்தைதான்.

முப்பதாம் தேதி கம்பியை இறுக்குவார்களாம். மறுபடியும் முதலிலிருந்தா?

ஜூலை 30, புதன்

இறுக்கிவிட்டார்கள். அதை அப்புறம் எழுதுகிறேன்.

கிளினிக்கில் கவிப்ரியா என்று ஒரு பெண். அவள்தான் எல்லோருக்கும் போன் செய்கிறவளாம். நன்றி சொல்லலாமே என்று, "தெனமும் மறக்காமக் கேட்டீங்க, அதனாலதான் கழட்டாம இருக்கேன்" என்றேன்.

அவள் முழித்தாள். "நாங்க மூணு நாளைக்குத்தான்கா கூப்பிடுவோம். அதுக்குப் பெறகு நாங்க கூப்பிடவே இல்லியே."

"அப்ப தெனமும் போன் வந்துச்சே?"

"ஒங்க மாமனாருதான் இங்கன கூப்பிடுவாரு. ஒரு ஞாயித்துக்கெழம எஞ் சொந்த நம்பர வாங்கிக் கூப்புட்டாரு!" சிரித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: "மொத தடவ என்ன கேட்டாரு தெரியுமாக்கா? 'எம் மருமக வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாது தாயி. நானா போயிக் கேக்கவும் கூச்சமா இருக்கு. ஆஸ்பத்திரில கேக்குறாகன்னு சொன்னா அது சொல்லும். என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லிக் குடு'ன்னாரு."

நான் சும்மா தலையை ஆட்டினேன். பஸ்ஸில் பாம்பன் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "பல்லு வலியா? கிராம்பு வச்சுக்க" என்றது. ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மாமா, "ஆஸ்பத்திரில கேக்குறாக ஆத்தா" என்றார். அங்கிருந்துதான் வருகிறேன் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஏழு மாமா" என்றேன். நிஜமாகவே ஏழுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் தோசை தின்றேன். முறுகலாக, ஓரத்தோடு. எங்கேயும் வலி இல்லை. நாக்கால் தேடிப் பார்த்தும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சாயங்காலம் ஆக ஆக எனக்கு ஒரே பதற்றம். இன்று என்ன சொல்வது?

மாமா வந்தார். செருமவில்லை, தென்னை மரத்தைப் பார்க்கவும் இல்லை. "எத்தனை ஆத்தா?"

"ரெண்டு மாமா."

"நேத்து ஒண்ணுன்னியே?"

"ஏறிருச்சு."

"ஏறிருச்சா!" என்று போனை எடுத்துக்கொண்டு வேகமாக ரோட்டுப் பக்கம் போனார். பாவம் கவிப்ரியா.