காலிப் பெட்டி கேட்டு

ஜூன் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மீனுவுக்குப் பள்ளி திறந்துவிட்டது. போன வருஷத்து ரெயின்கோட், கை பாதியில் நிற்கிறது. புதிது வாங்க வேண்டும். உப்பு, புளி தீர்ந்தது.

இணையத்தில் நான் போட்ட டீ செட் ஏலம் முடிந்தது. எடுத்தவர் நாக்பூர்க்காரர். நீலப் பூப் போட்ட டீபாட், ஆறு கோப்பை, ஆறு சாஸர். எதிர் வரிசையில் இருந்த மேஜர் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது வாங்கி வைத்தது. ஒரு கீறல் கிடையாது.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். ஏலத் தளத்திலிருந்து ஒரு மெயில். பொருள் உடைந்து வந்ததாக என் மேல் ஏற்கெனவே இரண்டு புகார். இன்னொன்று வந்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

முதல் புகார் நியாயம். பூ ஜாடியைச் செய்தித்தாளில் சுற்றிச் செருப்புப் பெட்டியில் வைத்தால் வேறென்ன ஆகும். இரண்டாவதை நினைத்தால்தான் சிரிப்பும் அழுகையும். வெளிநாட்டில் சோளப்பொரியை அடைத்து பார்சல் அனுப்புகிறார்கள் என்று எங்கோ படித்தேன். நம்மூர் அரிசிப் பொரி வாங்கிக் கொட்டினேன். லேசு, மலிவு, மெத்தென்று இருந்தது. கூரியர் குடோன் எலிகளுக்கு நல்ல விருந்து. ஊறுகாய் ஜாடி காலிப் பெட்டிக்குள் உருண்டு உடைந்து போய்ச் சேர்ந்தது. வாங்கிய அம்மாள் எழுதினாள்: "ஜாடி துண்டு துண்டாக வந்தது. எலிப் புழுக்கை முழுசாக வந்தது."

சாப்பிடும்போது இவர்: "விட்டுரேன். எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி?"

பதிலை இங்கே எழுதுகிறேன். கேஸ் இணைப்பு இவர் பெயரில். வீட்டு வாடகை ஒப்பந்தம் இவர் பெயரில். போன், ரேஷன், எல்லாம். கீழ் வீட்டில் கேட்டால் நான் "சாஃப்ட்வேர் சார் வைஃப்", பள்ளியில் மீனு மம்மி. இந்த ஹைதராபாத்தில் என் பெயரைப் போட்டு யாராவது எனக்கு எழுதுகிறார்கள் என்றால் அந்தக் கணக்குக்குத்தான். அதை விடமாட்டேன்.

ஜூன் 14, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

ஸ்டேஷனரிக் கடையில் புதுப் பெட்டி, பபிள் ஷீட் விலை கேட்டேன். டீ செட் விலையில் பாதி அதற்கே போய்விடும். காலிப் பெட்டி எங்கேயாவது சும்மா கிடைக்கும், கேட்டால் போதும். அந்தக் கேட்பதுதான் கஷ்டம்.

மெடிக்கல் ஷாப் வாசலில் நல்ல நல்ல அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் "க்யா ஹோனா மேடம்?" என்றதும் வாய் தன்பாட்டில் பற்பசை என்றது. பக்கத்துக் கடையில் போய் சீப்பு வாங்கினேன். மூன்றாவது கடையில், கடவுளே, எலி மருந்து. வீட்டில் எலியே இல்லை.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கேட்க வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வேறு வழியில்லாமல் செல்வி அக்காவுக்கு போன். இவர் அண்ணன் மனைவி. அத்தானுக்குக் காஞ்சன்பாக்கில் டிஃபென்ஸ் லேப் வேலை, கல்யாணம் ஆன நாள் முதல் அங்கே குவார்ட்டர்ஸ்தான். பரண், கட்டிலடி, பீரோவுக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் காலிப் பெட்டி வைத்திருப்பாள். நானும் இவரும் அந்த வீட்டுக்கு ரகசியமாகச் சொல்லும் பெயர் குடோன். இப்போது குடோனில்தான் போய் நிற்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்தாள். "பொரியவா போட்ட? நல்லவேள, அச்சுவெல்லம் சேக்கல. சனிக்கெழம நானே வாரேன்."

ஜூன் 16, சனி

மீனு வாசலிலிருந்து கத்தினாள்: "மம்மி, பெத்தம்மா வச்சாரு!" பெரியம்மா வந்தாச்சு என்பதுகூட இவளுக்குத் தெலுங்கில்தான் வருகிறது. அக்கா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் சணல் சாக்கு.

காபி குடித்த கையோடு கிளம்பினோம். ஃப்ரிட்ஜ் விற்கும் கடை. ஒரு பையன் உடைந்த தெர்மாகோலைக் குப்பையில் போடப் போனான். அக்கா படியேறுவதற்கு முன்பே, ஏன் எறிகிறாய், எனக்குக் கொடு என்று ஆரம்பித்துவிட்டாள்.

"கைக்கு ஃபேக்ரே பையா? மேரேகு தே தோ."

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்து எடுத்துப் போகச் சொன்னார். "லே ஜாவ் அம்மா." பையன் ஒன்றை நீட்டினான்.

"ஏக் நக்கோ. தோ தேவ். கோனே வாலா தேவ்." ஒன்று போதாதாம், இரண்டு வேண்டுமாம், அதுவும் மூலைக்கு வைக்கிற துண்டாம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கல்லாக்காரர் முகத்தில் ஒரு ஏளனமும் இல்லை. உள்ளே போய் இன்னொரு கட்டு எடுத்துக் கொடுத்தார். அக்கா நின்று அவர் பெண்ணின் கல்யாணம் முடிந்ததா என்று கேட்டாள். முன்பின் பார்த்ததில்லை. "பெண் இருக்கிறாளா என்றுகூடத் தெரியாதே அக்கா" என்றேன் பிறகு. "அந்த வயசுக்கு ஒரு பிள்ள இருக்காமலா போவும்?" என்றாள்.

அடுத்தது மாம்பழ வண்டி. கூடைக்குள் போட்ட வைக்கோல். மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்: "எறும்பு வரும். எலிக்கு அடுத்து எறும்பா?" அப்புறம் புத்தகக் கடை. பள்ளி திறக்கும் சமயம், நோட்டுப் பெட்டி மலை மலையாக. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி.

நான் கவனித்தது ஒன்று. அக்கா கெஞ்சுவதில்லை, அதிகாரமும் இல்லை. உனக்கு இடத்தை அடைக்கிறது, எனக்கு வேலைக்கு ஆகிறது, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று நிற்கிறாள். அதற்கு மேல் ஒரு தந்திரமும் கிடையாது. எனக்கு அது வராது. ஆனால் அவ்வளவு அழகாக இருந்தது, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை அவள் வீட்டில் பேக்கிங். அந்தப் பக்கத்துக் கூரியரிலேயே போட்டுவிடலாம்.

ஜூன் 17, ஞாயிறு

நல்ல மழை. ஆட்டோவில் டீ செட்டை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சன்பாக் வரை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முருகா. குவார்ட்டர்ஸ் கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தான். "அந்தர் சாய் ஹை க்யா?" உள்ளே டீயும் இருக்கா என்று அவனுக்கு ஒரு ஜோக்.

அத்தானிடம் கேட்டேன், ஆபீசில் கிழித்துப் போடும் பேப்பர் மூட்டை மூட்டையாக இருக்குமே என்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. அக்கா: "ஏட்டி, இவுகள உள்ள வச்சிருவாங்க. அங்கனருந்து ஒரு குண்டூசி வெளிய வராது."

பரணிலிருந்து ஒரு பெட்டி இறக்கினாள். மைக்ரோவேவ் வந்த பெட்டி. கனத்த அட்டை, மூலை மழுங்கவில்லை. என்றைக்காவது மாற்றல் வந்தால் வேண்டும் என்று வைத்திருந்ததாம்.

கோப்பைகளைப் பழைய காட்டன் சேலைத் துண்டில் சுற்றினாள். சாஸர்களைப் படுக்கப் போடக் கூடாது, செங்குத்தாக நிறுத்த வேண்டும் என்றாள். சுற்றிலும் தெர்மாகோல், சந்துகளில் நோட்டுக் கடை அட்டை. மூடி, தூக்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"டீபாட் இன்னும் பேசுது பாரு. அது வாய மூடுத வரைக்கும் விடக் கூடாது."

திணிக்க எதுவும் மிச்சமில்லை. டேப்பும் தீர்ந்துவிட்டது. "நீ போய் டேப் வாங்கிட்டு வா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். மழையில் சந்தோஷ் நகர் வரை போய் வருவதற்குள் பெட்டியை மூடிச் சணல் கயிறு போட்டுக் கட்டிவிட்டிருந்தாள். ஆட்டிப் பார்த்தேன். மூச்சுக்கூட இல்லை. "என்னத்தக்கா வச்சீங்க?" "கெடந்தத வச்சேன்."

கூரியர்க்காரன் பெட்டியைத் தூக்கி வேனுக்குள் எறிந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மூடவில்லை.

ஜூன் 20, புதன்

இன்னும் போய்ச் சேரவில்லை. மீனுவுக்குச் சளி. ரசம் மட்டும்.

மெயிலைத் திறப்பது, மூடுவது. இவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணி கட்டுனா உடையாது" என்றார். குடோன் என்று பெயர் வைத்ததே இவர்தான்.

ஜூன் 23, சனி

போய்ச் சேர்ந்துவிட்டது!! உடையவில்லை. ஒரு சாஸர்கூட. நாக்பூர்க்காரர் தளத்தில் என் பெயருக்கு நேரே நல்ல வார்த்தை எழுதிப் போட்டிருக்கிறார். மூன்று முறை படித்தேன். மீனுவைத் தூக்கிச் சுற்றினேன், "சோடு மம்மி", விடு என்று திமிறினாள்.

தனியாக ஒரு மெயிலும் போட்டிருக்கிறார். டீபாட்டைச் சுற்றி ஒரு தலையணை இருந்ததாம். இலவம் பஞ்சு. உறையில் இரண்டு கிளி, 'குட் நைட்' என்று கைத்தையல். தவறி வந்திருக்கும் போலிருக்கிறது, தன் மகள் ஹைதராபாத்தில்தான் வேலை பார்க்கிறாள், அடுத்த வாரம் வருகிறாள், கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

அக்காவின் கட்டிலில் ஜோடியாகக் கிடக்குமே, அந்தக் கிளித் தலையணை. கல்யாணத்துக்கு முன்னால் அவளே தைத்தது. உடனே போன் செய்தேன்.

"உங்க தலையணையவா வச்சு அனுப்புனீங்க?"

"ஆமாட்டி. அந்த டீபாட் மூக்குக்கு மெத்துன்னு ஒண்ணு வேணும்லா."

"இத்தன நாளா எப்படித் தூங்குனீங்க?"

"வேட்டிய மடிச்சு வச்சுக்கிடுதேன். உங்க அத்தானும் கேட்டாக. தொவைக்கப் போட்டேன், மழைல காயலன்னு சொல்லிட்டேன்."

என் பெயர் போகக் கூடாது என்று தலைக்கு இருந்ததை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். எப்பேர்ப்பட்ட மனுஷி. அதற்குள் அந்தப் பக்கம் அவளே பேசினாள்.

"தலையணை வந்தா வருது. ஏட்டி, அந்தப் பெட்டிய என்ன செஞ்சாகளாம்? நல்ல பெட்டி அது. தூரப் போட்டுறப் போறாக, மொதல்ல கேளு."

முகம் தெரியாத மனிதர். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர். அவரிடம் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பிக் கேட்பதா? எழுதினேன், அழித்தேன். எழுந்து போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தலையணை எங்களுடையதுதான், மகளிடம் கொடுத்தனுப்புங்கள், பெட்டியை எறிந்திருக்காவிட்டால் அதுவும் வேண்டும் என்று எழுதினேன். அனுப்பப் போனவள் நிறுத்தி, தெர்மாகோலையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.