மிளகாய்க் கஞ்சி குறித்துக் கல்லரண் தண்டநாயகருக்கு விடுத்த ஓலை

நாடு செழிக்க, நீதி நிலைக்க. செங்கழனி நாட்டை ஆளும் பெருந்தேவி அலர்நங்கையார் கொலுமண்டபத்தில் வீற்றிருந்து திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் இளவெயினன் எழுதுவது. வடமலை எல்லையில் கல்லரண் காக்கும் தண்டநாயகர் விருமாண்டர் காண்க. உமது அரணுக்கும், அதன் சுனைகளுக்கும், அங்குள்ள நானூறு வீரருக்கும் நலம் உண்டாகுக. உமக்கு நலம் கூறும்படி தேவியார் பணிக்கவில்லை.

மருத்துவச்சாலைப் பூட்டை உடைத்த காவலன் மாறையனைக் கழுவேற்ற ஆணை வேண்டி நீர் விடுத்த ஓலை வந்தது. அந்தப் பூட்டு ஏன் போடப்பட்டது என்பதை நீர் அதில் எழுதவில்லை. மருத்துவச்சி பொன்னெழிலாள் மலையிறங்கி வந்து அதைச் சொன்னாள்.

பனிக்காலத்தில் முழங்கால் பிடித்து நடக்கமாட்டாதிருந்த வீரர்களுக்கு அவள் ஊசிமிளகாயை நல்லெண்ணெயில் காய்ச்சி வடித்துத் தடவி வந்தாள். முதலில் சுரீரென்று எரியும். விடாமல் சில நாள் தடவினால் வலி மரத்துப்போகும். பன்னிருவர் அவ்வாறு தேறி மீண்டும் மதிலேறினர். அதைக் கண்ட நீர், வெளியே தடவியதற்கே இத்தனை பலன் என்றால் உள்ளே சென்றால் எத்தனை வலு என்று எண்ணி, படை முழுதும் காலைதோறும் மிளகாய் அரைத்த கஞ்சியைக் குடிக்கவேண்டும், முகம் சுளிப்பவன் கோழை என்று முரசறைவித்தீர்.

பொன்னெழிலாள் உம்மிடம் ஓடிவந்தாள். உணவில் அளவோடு சேரும் காரம் சுவையும் பசியும் தரும் என்றும், புண்பட்ட வயிற்றில் அதுவே தணலாய் இறங்கும் என்றும், செங்கோடன் என்னும் வீரன் ஈராண்டாய் வயிற்றுப்புண்ணால் வாடுகிறான், அவனையாவது விட்டுவிட வேண்டும் என்றும் மன்றாடினாள். பெண்ணுக்குப் படையின் வீரம் விளங்காது என்று படை நடுவே நகைத்து, அவளை மருத்துவச்சாலைக்குள் தள்ளிப் பூட்டினீர்.

மூன்றாம் நாள் காலை, வேண்டாமென்று கும்பிட்ட செங்கோடனின் தாடையை இருவர் பிடிக்க, மூன்றாமவன் கஞ்சியை ஊற்றினான். திமிறியதில் விழுது கண்ணிலும் தெறித்தது. அவன் குருதி கக்கினான். நீரோ, கோழையின் நடிப்பு என்று இன்னொரு கலயம் கொண்டுவரச் சொன்னீர். அந்த அலறலைக் கேட்ட பொன்னெழிலாள், விரல் முட்டிகள் பிளக்கும்வரை கதவை அடித்து, ஊற்றாதீர்கள் என்று கதறினாள்.

வாயிலில் காவல் நின்ற மாறையன் பாறைக்கல்லால் பூட்டை நொறுக்கினான். அவள் பாய்ந்து சென்று கலயத்தைத் தட்டிவிட்டு, செங்கோடனை ஒருக்களித்துக் கிடத்தினாள். கண்களைச் சுனைநீரால் நெடுநேரம் கழுவினாள். பாலால் வாயைக் கொப்பளித்து உமிழவைத்தாள். அவன் எழுந்து உட்காரப் பதினொரு நாள் ஆயிற்று. இன்னமும் குழைந்த சோறன்றி வேறு இறங்கவில்லை.

மாறையனும் அவளுடன் வந்து தேவியார் முன் நின்றான். அவன் மொழிந்ததை மாற்றாமல் எழுதப் பணித்ததால் எழுதுகிறேன்: “தாயே, பூட்டை நான்தான் உடைச்சேன். உள்ளே அந்தம்மா கத்துது, வெளியே அவன் சாகுறான், நான் எதுக்குக் காவல் நிக்கிறேன்னே புரியலை. இன்னொருவாட்டின்னாலும் உடைப்பேன்.”

தேவியார் அரியணையை விட்டு எழுந்துவிட்டார். பகைவரின் வேலுக்கு ஓராண்டில் ஒருவனையும் இழக்காத அரணில், தன் தலைவன் கையாலேயே ஒருவன் சாவைத் தொட்டு மீண்டான் என்றும், அறியாமையைக்கூடப் பொறுக்கலாம், அறிந்தவளை அடைத்துவைத்த ஆணவத்தைப் பொறுப்பதற்கில்லை என்றும், மண்டபம் அதிர உரைத்தார். இந்த இருபதாண்டில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஆகவே ஆணை. மிளகாய்க் கஞ்சி இன்றே ஒழிக. கல்லரணில் நோயாளி குறித்துப் பொன்னெழிலாள் சொல்லே இறுதிச் சொல். அதைத் தண்டநாயகனும் மீறலாகாது. இவ்வோலை படை முழுதும் கேட்க வாசிக்கப்படுக. வாசிக்கும்போது நீர் செங்கோடனின் பாயருகே நிற்க.

வாசித்து முடிந்ததும் உமது வாளைக் கழற்றி, இவ்வோலையை உம் கையில் தந்தவனிடம் ஒப்படைத்து, தனியே மலையிறங்குக. அவன் பெயர் மாறையன். இன்றுமுதல் கல்லரணின் தண்டநாயகன் அவனே.

இது தேவியார் தம் கையாலேயே அரக்கிட்டு அழுத்திய இலச்சினை.