படகு பிடிக்காதவள் வாங்கிய பம்ப்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய வலது கட்டைவிரல் நகம் ஒன்றைத் தவிர. அதுவும் வளர்ந்துவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் போனில் நீ 'நல்லாருக்கேம்மா' என்று சொல்லும் வேகத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை, அதனால் சாப்பாடு, தூக்கம், முதுகுவலி மூன்றைப் பற்றியும் தனித்தனியாக எழுது. நீ அனுப்பிய பார்சல் எங்களிடம் வந்து சேரவில்லை. கூரியர்காரர் இரண்டு தடவை வந்து காலிங் பெல்லை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று கதவில் சீட்டு ஒட்டிப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் நாங்கள் உள்ளேதான் இருந்தோம். நம் வீட்டு பெல் அடித்து வெகுநாளாகிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா புது ஸ்விட்ச் போட்டார், பிறகு புது மணியே வாங்கி மாட்டினார், அப்போதும் அது வாய் திறக்கவில்லை. 'நம்ம வீட்டுக்கு யாரு வர்றாங்க, விடு' என்று முடித்துவிட்டார். யாரும் வராததற்குக் காரணம் அவருடைய படகுப் பேச்சுதான் என்று நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

படகு என்றதும் நீ பெருமூச்சு விடுவது இங்கேயே கேட்கிறது, ஆனாலும் இந்தக் கடிதத்தில் அதைத் தவிர்க்க வழியில்லை. நம் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் இன்னும் கார்புரேட்டருக்குத்தான், நாங்கள் சாப்பிடுவது மீதிப் பாதியில். துண்டுகளில் பெட்ரோல் வாடை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லை. இவ்வளவு செய்தும் அந்தப் பந்தயப் படகு இதுவரை ஒரு பந்தயத்தையும் முடித்ததில்லை. மூன்று சுற்றில் இரண்டைப் பறந்துகொண்டு முடிக்கும், மூன்றாவதில் நடு ஏரியில் இருமி நின்றுவிடும், பாதுகாப்புப் படகு வந்து கயிறு கட்டி இழுத்து வரும்போது உன் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் கரையில் நின்று அந்தப் படகை, பிடுங்க வேண்டிய பல்லைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எப்போது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதனால் இந்த வருடம் நான் உன் அப்பாவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். இந்தத் தடவையும் நடுவில் நின்றால் படகு பல் டாக்டருக்கு, நாங்கள் இருவரும் உன்னிடம் வந்து ஒரு மாதம் தங்குவது. முடித்துவிட்டால் படகு இருக்கும், நான் வாய் திறக்கமாட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். நான் மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன்.

படகு நிற்பதற்கு பெட்ரோல் பம்ப்தான் காரணம் என்பதில் அண்ணன் தம்பி இருவருக்கும் சந்தேகமில்லை. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடும் கையகலச் சாமான் அது. முதல் பம்பை உன் அப்பா வாங்கினார், கடையிலேயே மிகப் பெரியதாக. அது புகைந்து செத்தது. இரண்டாவதை சித்தப்பா வாங்கினார், தெரிந்த ஒருவருடைய காரில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக. மூன்றாவதை யார் வாங்குவது என்பதில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. கடைசியில் சித்தப்பாதான் வந்து, 'அண்ணி, நீங்களே ஒண்ணு பாத்து வாங்குங்க, உங்களுக்குத்தான் இந்தப் படகு மேல ஆசையே இல்லையே, ஆசை இல்லாதவங்கதான் கண்ணைத் தொறந்து வாங்குவாங்க' என்றார். படகு நின்றால் யாருக்கு லாபம் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. உன் அப்பா யோசித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு 'சரி, உங்க அண்ணியே பாக்கட்டும்' என்று போய்விட்டார்.

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், எங்கள் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கடைக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொண்டேன்: இந்தப் பம்ப் எப்படிக் கெட்டுப்போகும்? முதல் கடையில், 'கெடவே கெடாது மேடம், என் பேரன் காலத்துக்கும் ஓடும்' என்றார். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இரண்டாவது கடையில் நீல நிறத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்கள். டப்பாவில் போட்டிருந்த எண்ணைக் காட்டினார்கள், ஒரு மணி நேரத்தில் இவ்வளவு பெட்ரோல் தள்ளும் என்று. அழுத்தமே இல்லாமல் சும்மா ஊற்றினால் தள்ளுவதா, இன்ஜின் எதிர்த்து நிற்கும்போது தள்ளுவதா என்று கேட்டேன். 'அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க' என்றார் பையன். கெட்டுப்போவதைப் பற்றிக் கேட்டதும் அபசகுனம் பேசியவளைப்போல் என்னைப் பார்த்தான். உன் அப்பா இதற்குள் அந்த நீலத்தைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார், 'என்ன வெயிட்டு பாரேன்' என்றார். நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அது மூன்றாவது சுற்று வரை வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவரே ஆசைப்பட்டு எடுத்ததால் பழியும் என்மேல் விழாது. பொய் சொல்வானேன், வீட்டுக்கு வரும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். சாப்பிடும்போது கார்புரேட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் ஒரு ஸ்க்ரூவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல். அந்த டேங்குக்கு முன்னால் உட்காரப்போவது இவர்தானே என்று தோன்றியது. மறுநாள் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது கடைக்குப் போனோம்.

மூன்றாவது கடைக்காரர் ஒரு சிடுமூஞ்சி. பொருளை விற்பதில் அவருக்கு விருப்பம் இருப்பதாகவே தெரியவில்லை. என் கேள்வியைக் கேட்டதும் மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, 'எப்படியெல்லாம் கெடும்னு கேக்குறீங்களா? உக்காருங்க' என்றார். டேங்க் காலியாக இருக்கும்போது ஓடினால் கெடும், முன்னால் பில்டர் இல்லாமல் ஓடினால் கெடும், டேங்குக்கு மேலே உயரத்தில் மாட்டி உறிஞ்ச வைத்தால் கெடும், வயர் ஒல்லியாக இருந்தால் கரண்ட் போதாமல் சூடேறிக் கெடும் என்று, தன் சரக்கையே திட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். இப்போது என்ன பம்ப் ஓடுகிறது என்று கேட்டார், சித்தப்பா பெருமையாகச் சொன்னார், மூன்றாவது சுற்றில் நிற்பதையும் சேர்த்து. 'காரு பம்பா? காருல பெட்ரோல் ஆவி கீழ எறங்கிக் காத்துல போயிடும். படகுல அடியிலயே தங்கும். அந்த மோட்டார்ல ஒரு பொறி வந்துச்சுன்னா நீங்க மூணாவது சுத்தை ஆகாயத்துல முடிப்பீங்க' என்றார். சித்தப்பா மெல்ல என் பின்னால் வந்து நின்றுகொண்டார். பம்ப் ஓடும்போது அதற்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று கடைக்காரர் கேட்டதற்கு, உன் அப்பா ஒரு எண்ணும் சித்தப்பா வேறொன்றும் சொன்னார்கள். 'அளந்துட்டு வாங்க, அதுவரைக்கும் விக்கமாட்டேன்' என்று எங்களை அனுப்பிவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

அளந்தது நான்தான், பரிசோதனைக் கூடத்திலிருந்து மீட்டர் எடுத்துப் போய். மூடியெல்லாம் திறந்து வாடை போகும்வரை காற்றாட விட்ட பிறகுதான் பம்பைப் போடச் சொன்னேன். பேட்டரியில் பன்னிரண்டுக்கு மேல் இருந்தது, பம்புக்கு வந்து சேரும்போது ஒன்பதுதான். மீதி மூன்று எங்கே போயிற்று என்று வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சுட்டது. கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போட்டு நடுவில் ஒல்லியான வெள்ளை வயர் ஒன்று, முறுக்கு முறுக்காக. அதன்மேல் அங்கங்கே பச்சை பெயிண்ட். அந்தப் பச்சையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன், பிறகு எங்கே என்று தெரிந்தது. நம் வீட்டு வாசல் சுவரின் பச்சை. 'இது நம்ம காலிங் பெல் வயர்தானே?' என்றேன். உன் அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து ஏரியைப் பார்த்தார். 'மொத பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு முழம் வயர் பத்தல, கடையும் பூட்டிட்டான். அவசரத்துக்கு எடுத்தேன், திருப்பி வெச்சுடலாம்னுதான்' என்றார். எடுத்ததைச் சுத்தமாக மறந்துபோய், நடுவில் ஒரு முழம் வயரே இல்லாத மணிக்கு ஸ்விட்ச் மாற்றி, மணியையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். சித்தப்பா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. 'ஏன்டா சிரிக்கிற, படகைக் கவுத்துடாத' என்று உன் அப்பா அதட்ட, 'அண்ணே, யாராவது வாசல்ல பெல்ல அழுத்தியிருந்தா நாம ஜெயிச்சிருப்போமோ' என்றார் சித்தப்பா.

அப்படியானால் வயரை மட்டும் மாற்றினால் போதாதா என்று உன் அப்பா மெல்லக் கேட்டார், அந்த நீலப் பம்பைத் தவிர வேறு எதையும் வாங்க அவருக்கு மனமில்லை. பொறி வெளியே வராதபடி மூடிய, படகுக்கென்றே செய்த பம்ப் இல்லாமல் நீங்கள் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். சிடுமூஞ்சியிடமே போய், இன்ஜின் கேட்பதைவிடக் கொஞ்சம் மட்டும் கூடுதலாகத் தள்ளுகிற, துருப்பிடிக்காத, ரப்பர் வளையம் போனால் தனியாகக் கிடைக்கிற ஒன்றை வாங்கினேன். பார்க்க ஒரு அழகும் இல்லை. 'மருந்து பாட்டில் மாதிரி இருக்கு' என்றார் உன் அப்பா. முன்னால் பில்டர், டேங்குக்குக் கீழே இடம், விரல் தடிமனில் புது வயர் என்று எல்லாம் கடைக்காரர் சொன்னபடி வைத்தார்கள். கட்டைவிரல் நகம் போனது அப்போதுதான்.

போன ஞாயிறு பந்தயம். மூன்றாவது சுற்றில் நடு ஏரிக்கு வந்ததும் பல் டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டார், பாதுகாப்புப் படகுக்காரர் பழக்கதோஷத்தில் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். படகு நிற்கவில்லை. ஏழு படகில் ஐந்தாவதாக வந்தது. உன் அப்பா இறங்கி நடந்ததைப் பார்த்தால் முன்னால் வந்த நான்கும் இவருக்கு வழிவிட்டுப் போனதாகத் தோன்றும். படகு மூன்றாவது சுற்றை முடித்தபோது நான் கரையில் எழுந்து நின்று கத்தியதாக சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ போன் செய்தால் உன்னிடமும் சொல்வார், நம்பாதே. அவர் படகுக்குள் இருந்தார், அவ்வளவு இரைச்சலில் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று கேட்டேன். 'அதான் அண்ணி, இன்ஜினையும் மீறிக் கேட்டுச்சே' என்கிறார்.

ஆக, படகு இருக்கிறது, மேசையில் பாதியும் போனதுதான், உடன்பாட்டின்படி நான் வாய் திறப்பதில்லை. ஆனால் நான் வரமாட்டேன் என்று அந்த உடன்பாட்டில் எங்கும் இல்லை. அடுத்த மாதத்துக்கு எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டேன். சொன்னதும் உன் அப்பா வெகுநேரம் ஸ்க்ரூ துடைத்தார். மறுநாள் காலையில், 'மழைக்காலத்துல படகுக்கு என்ன வேலை இருக்கு' என்றார், யாரும் கேட்காமலேயே. இன்றைக்கு, என் பக்கத்து சீட்டில் ஆள் உண்டா என்று விசாரித்தார். தெரியாது என்று சொன்னேன். தானே எடுத்துக்கொள்ளட்டும், ஒரு மாதம் எங்களோடு இருக்க ஒரு டிக்கெட் எடுக்கும் சிரமமாவது படவேண்டாமா? எப்படியும் வருவார், இரண்டு தலையணை எடுத்து வை. வேலையில் உன்னை யாராவது அதிகம் பேசினால் உடனே பதில் சொல்லாதே, ஒரு நாள் விட்டுச் சொல். குளிர் நாளில் காதை மூடிக்கொள். பார்சலை மறுபடி அனுப்பவேண்டாம், வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன்.

உடம்பும் மனசும் உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே: உன் வீட்டு காலிங் பெல் அடிக்கிறதா என்று நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை அழுத்திப் பார். நாங்கள் கிளம்பிப் போன பிறகும் ஒரு தடவை பார்.

உன்னைக் காண நாள் பார்த்திருக்கும்,
அம்மா