நீங்கள் கொடுக்காத அனுமதி

என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். நீங்கள் இறந்து ஆறு மாதம் ஆகிறதாம். எனக்குத் தெரிந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

அரியலூர்க் கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த நண்பர், “உங்கப்பா கருமாதிக்கு விக்கிரமங்கலம் போயிருந்தேன்” என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம். டிரங்க் கால் போட்டுத் தம்பியை அவன் ஆபீசில் பிடித்தேன்.

“அப்பாதான்ண்ணே சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா வேலைய பாதியில போட்டுட்டு வந்துடுவான், பேரு கெட்டுப்போயிடும்னாரு” என்று அழுதான் செல்வராசு.

ஏன் அப்பா இப்படிச் செய்தீர்கள்? மூத்தவன் கொள்ளி வைக்காமல் எனக்கு எந்த ஊரில் என்ன பேர்?

உங்களுக்கு எழுதத் தெரியாது. நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பிதான் எழுதுவான். நீங்கள் போன பிறகும் அதே கையெழுத்தில் கடிதம் வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் இந்த மேற்கு ஜெர்மனியில் படும் பாட்டை எல்லாம் உங்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியத்தோடு கடைகளை மூடிவிடுகிறார்கள். மறந்தால் ஞாயிறு முழுக்க வெறும் ரொட்டி. பல்கலைக்கழகத்தில் என்னிடம் தமிழ் படிக்கச் சேர்ந்த மூன்று பேரில் ஒருத்தர் வருவதே இல்லை. இங்கே யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. குடும்பப் பெயர் என்று உங்கள் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஐந்து நாளாக “பொன்னுசாமி” என்று யாராவது அழைத்தால் எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று பங்குனியில் கேட்டிருந்தேன். ‘இருந்துட்டு வாப்பா, இங்க ஒரு கொறையும் இல்ல’ என்று பதில் வந்தது. உங்கள் வார்த்தை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கேட்டால், “வேணாம்னு எழுதுனா ஏன்னு கேப்பீங்களேண்ணே” என்கிறான் தம்பி. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நேற்று துறைத் தலைவரிடம் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொன்னேன். “உங்களுக்கு நாற்பத்திரண்டு வயது. இதை ஏன் அப்பாவிடம் கேட்டீர்கள்?” என்றார். கேலி இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. படிப்பு, கல்யாணம், இந்தப் பயணம் எதையாவது உங்களைக் கேட்காமல் செய்திருக்கிறேனா? அவருக்கு எப்படி விளக்குவது? ஒப்பந்தத்தை மீறினால் இனி அழைக்க மாட்டோம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியில் வந்துவிடுகிறேன் அப்பா. தை மாதம் உங்கள் வருஷத் திதியை நான்தான் கொடுப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஒன்றை மட்டும் உங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் மூத்த மகன்,
கலியமூர்த்தி