ஒரு திரியில் இரண்டு

லிட்ச்ஃபீல்ட்
செப்டம்பர் 14

அன்பு வெண்டல்,

நலமா? பாங்கோரில் குளிர் தொடங்கியிருக்கும். முழங்கை கிழிந்த அதே ஸ்வெட்டரோடு திரிவாய், எனக்குத் தெரியாதா.

பள்ளியில் காலனி நாள் வருகிறது. மறுபடி பிள்ளைகள் எல்லாம் குடியேற்றக் காலத்து உடுப்பில் வந்து நிற்பார்கள். மெழுகு உருக்கும் கொப்பரையை இந்த வருடமும் என் தலையில் கட்டிவிட்டார்கள். விறகடுப்பு மூட்ட உன்னை விட்டால் ஆளில்லை. போன வருடம் விளையாட்டு வாத்தியார் மூட்டி, பிள்ளைகள் புகையில் இருமித் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு நம் ரூஃபஸின் செட். திரியை மெழுகில் முக்கி மெழுகுவத்தி செய்வது ஐந்தாம் வகுப்புக்கு மட்டும்தானே? வருடா வருடம், "எனக்கு எப்பப்பா?" என்று அடுப்பு மூட்ட நீ கட்டும் தோல் அங்கியைப் பிடித்து இழுப்பான். "அஞ்சாவது வாடா, நானும் உன்கூடக் கொப்பரையச் சுத்தி வரேன்" என்பாய். நோய் அவனைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க என்னால் ஆகாது. வந்துவிடு.

நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதம் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது. வந்தால் பேசிக்கொள்ளலாம்.

உன் கோரா

பாங்கோர்
செப்டம்பர் 25

அன்புள்ள கோரா,

அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முக்கோணத் தொப்பியும் முழங்கால் வரைக்கும் கால்சட்டையுமாகப் பயல்கள் வரிசையில் நிற்பார்கள். அதில் ஒருத்தன் குறைவான். அதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன். எதிர்பார்த்து நிற்காதே.

காய்ந்த ஓக் விறகாக வாங்கு, புகையாது. பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்: முக்கியதும் எடுத்துவிட்டு, மெழுகு இறுக ஒரு சுற்று நடந்து வந்துதான் மறுபடி முக்க வேண்டும். கொப்பரையிலேயே விட்டு நின்றால், பிடித்த மெழுகும் உருகிப் போய்விடும்.

வெண்டல்

லிட்ச்ஃபீல்ட்
அக்டோபர் 12

அன்பு வெண்டல்,

விறகு புகையவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஹேட்டியை நினைவிருக்கிறதா? பள்ளிப் பேருந்தில் ரூஃபஸோடு ஒரே இருக்கைக்குச் சண்டை போடுவாளே, அவள்தான். தன்னுடையதை முடித்துவிட்டு இன்னொரு திரி கேட்டாள். ஆளுக்கு ஒன்றுதான் என்றேன்.

"இது ரூஃபஸோடது ஆன்ட்டி. அவனுக்கும் இன்னிக்குத்தானே முறை?"

திரியை இரண்டு முனையும் தொங்கக் குச்சியில் மடித்துப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளைக் குல்லாயும் நீளப் பாவாடையுமாக முக்கி முக்கிச் சுற்றி வந்தாள். கால் வலிக்கிறது என்று என் கையில் கொடுத்தாள். நானும் சுற்றினேன்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே மேப்பிள் மரத்தடியில் உன் பச்சை வண்டியைப் பார்த்தேன். உள்ளே நீ. கதவு திறக்கும், திறக்கும் என்று, திரியைக் கொப்பரையிலேயே விட்டு அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஆன்ட்டி, எடுங்க, உருகுது!" என்று ஹேட்டி கத்தினாள். எடுத்துவிட்டு நிமிர்ந்தால் வண்டி இல்லை.

கோபமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம்தான். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனுக்கு வேலி தாண்ட நாலடி எடுத்துவைக்க முடியவில்லையா? நான் மட்டும் என்ன கல்லா வெண்டல்? அந்த வரிசையில் ஒருத்தன் குறைந்ததை நானும்தானே பார்த்தேன்.

ஹேட்டி மறுபடி முக்கி, உருகியதைச் சரிசெய்தாள். ஒரே திரியில் தொங்கிய இரண்டு வத்தியையும் நறுக்காமல் என்னிடம் நீட்டி, "அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. அவனும் அப்படித்தானே குடுப்பான்" என்றாள். நன்றி சொன்னேன்.

இன்று காலை காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இத்துடன் இருக்கிறது. பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் திரியை நடுவில் நறுக்கினேன். உன் பங்கு வத்தி பழைய துணியில் சுற்றியிருக்கிறது, உடையாமல் பிரி. கொஞ்சம் கோணல்தான், அது நான் நின்றுவிட்ட இடம்.

குளிர் அதிகமாகிறது, நல்ல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள். இதற்குப் பதில் வேண்டாம்.

கோரா