பன்னிரண்டாம் தேதி ரயில்

டிப்போவுக்குக் கிளம்பிட்டேன். நேத்துச் சண்டையில நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தே, அதான் எழுப்பல. பாப்பாவுக்கு முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன். பீரோ சாவி ஃபிரிட்ஜ் மேல.

ரயில் டிக்கெட்டைத் தேடாதே, நான் எடுத்துட்டுப் போறேன். தேதியைச் சுத்திப் பச்சைப் பென்சில்ல வட்டம் போட்டு என் வாட்ச்சுக்கு அடியில வெச்சிருந்தியே, பார்த்தேன். வாயால சொன்னா என்னவாம்? சரி, தப்புதான். ராத்திரி பூரா பறந்து நாம அங்கே இறங்குறது பதிமூணாம் தேதி காலையில. நான் ரயில் போட்டது பன்னிரண்டுக்கு. அது கிளம்புறப்ப நாம இங்கே பெட்டி கட்டிக்கிட்டு இருப்போம். பதினெட்டு வருஷமா பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறவன் லட்சணம். சிரிக்கணும்னா நான் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சிடு.

பதிமூணுக்கு மாத்துறேன். ஆனா அதே ரயில்தான், நீ நேத்துக் கேட்ட மாதிரி மறுநாள் ரயில் இல்ல. இறங்கி ஒன்றரை மணி நேரம் தாராளம்.

பின்குறிப்பு: செருப்பு மாட்டுறப்ப மாமாவோட பேப்பரைப் பார்த்தேன். குறுக்கெழுத்து முழுக்க அதே பச்சைப் பென்சில். "உங்கப்பா நடக்கிற நடைக்கு ரயில் நிக்காது"ன்னு நேத்து நான் கத்தினப்ப அவர் எதிர்லதான் உட்கார்ந்திருந்தார். அப்பவே அந்தத் தேதியைக் காட்டியிருந்தா பாப்பா முன்னாடி என் மானம் கப்பலேறியிருக்கும். காட்டல.

பதினாலாம் தேதி ரயிலுக்கு மாத்திட்டு வர்றேன். மாமா அவர் நடையிலேயே வரட்டும்.