வெளியே தெரிய வேண்டிய பெயர்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சாருவுக்குச் சளி, டே கேருக்கு அனுப்பவில்லை. மூன்று வயதுக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து?

வீட்டிலிருந்தே வேலை: எங்கள் சாஃப்ட்வேர் லைப்ரரியிலிருந்து மற்ற புரோகிராம்கள் கூப்பிடக்கூடிய பெயர்களின் பட்டியல். அதில் இருப்பது மட்டும் வெளியே தெரியும், மிச்சமெல்லாம் மறையும். இதுவரை கையால் எழுதினார்கள். இனி ஷெல் ஸ்கிரிப்ட் தானே எடுத்துவிடும். பெயர்களைக் கொட்டும் nm கட்டளையை ஓட்டு, T என்று வரும் வரிகளைப் பிடி, பெயரை மட்டும் வெட்டி எடு, அகர வரிசை, முடிந்தது. பத்து வரி. வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். இதை வைத்துத்தான்.

கீழே கிடங்கு வாசலில் லாரிக்காரர்கள் அடிதடி. ஒருவன் வாயில் ரத்தம். ஜன்னலில் நின்று முழுதும் பார்த்தேன். இன்னொரு குத்து விழட்டும் என்றுதான் இருந்தது.

சாரு மூன்றாம் முறை சார்ஜரைப் பிடுங்கினாள். தொடையில் இரண்டு அடி. முதல் அடியிலேயே வயரை விட்டுவிட்டாள். இரண்டாவது எதற்கு?

நான்கு விரலும் பதிந்திருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

பட்டியல் அனுப்பியாச்சு. மேனேஜர் ஜெய்சன் சார் காக்கநாடு ஆபீஸிலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்.

பால், டயப்பர், சாருவுக்கு மூக்கு மருந்து.

சுந்தர் கலூர் கடையிலிருந்து வந்து சாருவுக்குச் சட்டை மாற்றும்போது தொடையைப் பார்த்துவிட்டார். கட்டிலிலிருந்து விழுந்தாள் என்றேன். நம்பினார். தேங்காய் எண்ணெய் தடவினார், ஊதி ஊதி. அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது, நம்பியதற்கு.

கீழ் வீட்டு ஆமினாத்தா நம்பவில்லை. மாடிப்படியில் நிறுத்தி, மெல்ல: “குஞ்ஞினெ தல்லல்லே, மோளே.” பிள்ளையை அடிக்காதே மகளே என்று. சத்தம் கீழே வரை கேட்டிருக்கிறது. சாயா குடிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஜூலை 9, புதன்

வாடிக்கையாளரின் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பெயர் கிடைக்கவில்லையாம். ஜெய்சன் சார் எல்லாரும் கேட்கிற ஆன்லைன் மீட்டிங்கில், யார் செய்தது என்று மூன்று தரம் கேட்டார். அவர்கள் பழைய ஃபைலை வைத்திருப்பார்கள் என்று கத்தினேன்.

என் தப்புதான். T என்றால் ஃபங்ஷன். அதை மட்டும் பிடித்தேன். அளவு மாற்றும் அட்டவணை ஒன்று ஃபங்ஷன் இல்லை, வேரியபிள். அது D என்று வரும். விட்டுவிட்டேன், மறைந்துபோனது. கல்லூரியில் முதல் வருஷப் பாடம்.

அப்போது சாரு மடியில் ஏற வந்தாள். டம்ளரை வீசினேன். சுவரில். சுவரில்தான் வீசினேன். அவள் தலைக்கு மேல் ஒரு சாண். காரை பெயர்ந்து அவள் முடியில் விழுந்தது.

அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போனாள்.

அவள் தலைமுடியிலிருந்து சுண்ணாம்பைப் பொறுக்கினேன்.

ஜூலை 10, வியாழன்

ஸ்கிரிப்ட் சரி. வேரியபிள்களுக்கான D, B, R மூன்றையும் சேர்த்தாச்சு. எல்லாப் பெயரும் இருக்கிற ஹெட்டர் ஃபைலோடு ஒப்பிட்டு, ஒரு பெயர் குறைந்தாலும் அங்கேயே நிற்கும். தப்பு என்னுடையது என்று ஜெய்சன் சாருக்கு எழுதினேன். ஒரு வரி. எழுத ஒரு மணி நேரம்.

சாரு இன்று சத்தமே போடவில்லை. ஆள் இருக்கிறாளா என்று நாலைந்து தரம் எட்டிப் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

வேலை நிரந்தரம். சுந்தர் அல்வாவோடு வந்தார். தானே தோசை சுடுகிறேன் என்று நின்றார். கரண்டியைக் காணோம். வீடெல்லாம் தேடினோம்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக இழுத்தார். தோசைக் கரண்டி. நசுங்கின டம்ளர். சீப்பு. என் செருப்பில் ஒன்று.

“இத யாருடா இங்க வெச்சது?”

சாரு கெட்டிக்காரத்தனம் செய்த முகத்தோடு: “அங்க அம்மா கைக்கு எட்டாதுப்பா.”

கரண்டியால் அடித்தது எப்போது? எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

சுந்தர் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, “அன்னிக்கு விழுந்தாளா?” என்றார்.

“இல்ல. அடிச்சேன்.”

எல்லாம் சொன்னேன். சுவர், டம்ளர், போன மாதம் பாத்ரூமில். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டு முடித்து, “நாளைலேர்ந்து, டே கேர் இல்லாத பகல்ல ஆமினாத்தா வீட்ல விடறேன். நீ தனியா பிள்ளையோட இருக்க வேண்டாம்” என்றார். சரி என்றேன். டாக்டரைப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். தலையாட்டினார்.

தோசை யாரும் சாப்பிடவில்லை.

எப்போதும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் சாரு படுப்பாள். இன்று அவளைச் சுவரோரம் போட்டு, நடுவில் அவர் படுத்திருக்கிறார். முதுகு என் பக்கம்.